நுரை கணக்கில் சேராது

பலாமரத்திடம் கப்புச்சினோ கேட்ட முட்டாள் கொல்லிமலையில் ஒருவன்தான் இருக்க முடியும். அவன் நான்தான். ஒரு வாரம் தினமும் காலையில் பல் துலக்கிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பலாமரத்தின் முன்னால் போய் நின்றுகொண்டு, "ரெண்டு கப்புச்சினோ. சின்னது. சக்கரை தனியா" என்று சொல்லிப் பழகினேன். குரல் நடுங்கக் கூடாது, கெஞ்சக் கூடாது, அதட்டவும் கூடாது என்று எனக்கு உத்தரவு. மரம் எதுவும் கொடுக்கவில்லை. அம்மா மட்டும் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே போய் அப்பாவிடம் சொன்னார். "பொண்ணு அமையலேன்னு ஏங்கி ஏங்கி இவனுக்கு என்னமோ ஆயிருச்சுங்க. மரத்துக்கிட்டப் பேசறான்."

எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. செம்மேட்டில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். எந்தப் போனைக் கொடுத்தாலும் பிரித்துவிடுவேன். திரும்பப் பூட்டும்போது ஒரு திருகாணி மிஞ்சும். அதை வாடிக்கையாளர் பார்க்காதபடி சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் சாமர்த்தியமும் உண்டு. அப்படிப்பட்ட தொழில்நுட்ப வல்லுநனை மரத்தின் முன்னால் நிற்க வைத்தவர் மிளகு பாய்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். மலைமேல் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. காரவள்ளியில் மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவருடைய மிளகு மண்டி. காலையில் முதல் பஸ்ஸில் ஏறி மேலே வருவார். ஊர் ஊராகப் போய் மிளகு வாங்கி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, சாயங்காலப் பஸ்ஸில் இறங்குவார். ஒல்லியான உருவம். ஐம்பதைத் தொடும் வயது. வெள்ளைச் சட்டையின் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டிருப்பார். அந்த மடிப்பை உதறினால் நாலைந்து மிளகு கீழே விழும்.

பாய்க்கு ஒரு குணம். அதைக் குறை என்று சொன்னால் எங்கள் மலையில் சண்டைக்கு வருவார்கள். நிறை என்று சொன்னால் சிரிப்பார்கள். தன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்து பார்க்காத காரியத்தை எப்படிச் செய்யவேண்டும் என்று அடுத்தவருக்குச் சொல்லித் தருவார். தயங்கித் தயங்கி அல்ல. அதிலேயே பிறந்து வளர்ந்தவர் போலச் சொல்வார்.

அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டுதான் வேண்டும். கொண்டைஊசி வளைவு வர வர ஆரம்பித்துவிடுவார். "ஒடிங்க... ஒடிங்க... இன்னுங் கொஞ்சம்... ஆங், விடுங்க. இப்ப நிமித்துங்க." புதிதாக வந்த டிரைவர் ஒருவர் இரண்டு வளைவு பொறுத்துப் பார்த்தார். மூன்றாவதில் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு, "ஏனுங்க பாய், நீங்களே வந்து ஓட்டிருங்களேன்" என்றார்.

பாய் கொஞ்சமும் அசரவில்லை. "நான் அங்க வந்துட்டா வளைவை யாருங்க பாக்கறது?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. டிரைவரும் சிரித்துவிட்டார். பிறகு ஒருநாள் பாய் காய்ச்சலில் படுத்து வரவில்லை. அன்றைக்கு அதே டிரைவர் பாதி மலையில் கண்டக்டரைப் பார்த்து, "பக்கத்துல ஆளில்லாம என்னமோ மாதிரி இருக்குதப்பா, நீயாவது வந்து எதாச்சும் சொல்லு" என்று கூப்பிட்டதை நான் காதால் கேட்டேன்.

அரசாங்க ஆபீஸ் எதற்குள்ளும் பாய் நுழைந்ததில்லை. அந்த வாசலைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஆனால் எங்கள் வீட்டுக்குக் கரண்டு வராமல் கிடந்தபோது, மின்வாரிய ஆபீஸில் எப்படி நடந்துகொள்வது என்று அப்பாவுக்குப் பாடம் எடுத்தார். "போனதும் உக்காராதீங்க. அவங்களே சேர் போட்டாலும் உக்காராதீங்க. உக்காந்தவன மறந்துருவாங்க. நின்னவன மறக்க முடியாது." அப்பா போய் நின்றார். டீ கொடுத்தார்கள், நின்றுகொண்டே குடித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்கள் எழுந்து போனார்கள், நின்றார். திரும்பி வந்தார்கள், நின்றார். கடைசியில் அங்கே இருந்தவர் ஒருவர், "அய்யா, உங்களப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது" என்று ஆளனுப்பிக் கம்பியைச் சரிசெய்து கொடுத்தார். விளக்கு எரிந்தது. அப்பா அடுத்த இரண்டு நாள் கட்டிலைவிட்டு எழவில்லை.

பலிக்காததும் உண்டு. நிறையவே உண்டு. எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தேனடை எடுக்கப் புகை போடப் போனபோது, பாய் ரோட்டிலிருந்தபடியே, "புகை வேண்டாமுங்க, பயப்படாம நேராப் போங்க, பயந்தாத்தான் கொட்டும்" என்று குரல் கொடுத்தார். அவர் பயப்படாமல் நேராகப் போனார். அன்று சாயங்காலம் அவருடைய முகத்தைப் பார்த்து அவருடைய மனைவியே யாரென்று கேட்டார். பாய் வந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னது: "இவரு மேல தப்பில்ல. தேனீ அவசரப்பட்டுருச்சு."

இத்தனைக்குப் பிறகும் ஏன் அவரிடமே போய் யோசனை கேட்டோம்? எங்கள் மலையில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். மழை வருமா? பாக்கலாமுங்க. மிளகு இந்த வருசம் காய்க்குமா? பாக்கலாமுங்க. பையனுக்குப் பெண் அமையுமா? பாக்கலாமுங்க. "பாக்கலாம்" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு நொந்துபோனவன், "இப்படிச் செய்" என்று சொல்லும் ஒரு மனிதரைக் கண்டால் தேன்கூட்டுக்குள்கூடக் கையை விடுவான். விட்டோம்.

அதே ஆள் மிளகு விஷயத்தில் வாயே திறக்கமாட்டார். உள்ளங்கையில் நாலு மணியைத் தேய்ப்பார், ஒன்றைக் கடிப்பார், விலையைச் சொல்வார், அவ்வளவுதான். எப்படிக் காயவைப்பது, எப்போது பறிப்பது என்று யாராவது கேட்டால், "உங்களுக்குத் தெரியாததாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போவார்.

ஊர் ஊராகப் போகிறவர் என்பதால் எந்த வீட்டில் பெண் இருக்கிறது, எந்த வீட்டில் பையன் இருக்கிறான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தாய்மார்கள் மிளகுக்கு நடுவில் அதையும் சொல்லி வைப்பார்கள். பாய் அங்கே கேட்டதை இங்கே சொல்வார், இங்கே கேட்டதை அங்கே சொல்வார். எங்கள் பெண் பார்க்கும் சடங்கு அவருடைய குடும்பத்தில் கிடையாது. அதனால் அதிலும் அவர் சொன்னதுதான் சட்டம்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில், சம்மதம் முடிவாகிற வரைக்கும் எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நான் முதன்முதலில் பெண் பார்க்கப் போனபோது நல்ல வெயில், செங்குத்தான ஏற்றம். உள்ளே நுழைந்ததும் யாரோ மோரை நீட்டினார்கள். நான் அண்ணாந்து ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டு, "இன்னொரு டம்ளருங்க" என்று வேறு கேட்டுவிட்டேன். அந்தப் பெண் இன்னும் உள்ளேயிருந்து வரவே இல்லை. கூடத்தில் இருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தேதி பேச ஆரம்பித்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "எனக்கு இவரு வேண்டாம்" என்று தெளிவாகக் கேட்டது. இரண்டு பக்கமும் முகம் கறுத்தது. அப்போது எங்களோடு வந்திருந்த பாய்தான் எழுந்து நின்றார்.

"மோரு கணக்குல வராதுங்க. அது தாகத்துக்கு. வழிப்போக்கனுக்கும் குடுக்கறதுதானுங்க."

அப்படி ஒரு விதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் அவர் சொன்ன தோரணையில் எல்லோருக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது. பெரியவர் ஒருவர், "ஆமாங்க, மோரு கணக்கில்ல" என்றார். நாங்கள் கௌரவமாக வெளியே வந்தோம். இப்போதும் எங்கள் மலையில் மோருக்கு விலக்கு உண்டு. அது என் தாகத்தால் வந்த சட்டத் திருத்தம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் கோகிலாவின் சேதி. குண்டனி நாட்டுப் பெண். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்போம். அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. மிளகும் காபியும் போட்ட தோட்டத்தை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் அவளுடைய பதிலை என் கடைக்கு வந்து ஒப்பித்தார்.

"ஊட்டுக்குக் கூட்டமா வரவேண்டாமாமா. பெரியவங்க சுத்தி உக்காந்துக்கிட்டா பேச முடியாதாமா. லாட்ஜுக்குப் பக்கத்துல புதுசாக் காபிக்கடை போட்டிருக்காங்களே, அங்க வரச்சொல்லுங்கன்னு சொல்லிருச்சு. அந்தக் கடைக்கு இவங்க தோட்டத்துக் கொட்டதான் போவுது. அத என்ன பண்ணி அந்த வெலைக்கு விக்கறாங்கன்னு ஒருநாளு குடிச்சுப் பாக்கணுமாமா. ஒரே வேலையா ரெண்டையும் பாத்துக்கலாங்குது."

ரெண்டில் ஒன்று நான். வறுத்த கொட்டைக்குச் சமமாக என்னையும் பார்க்கச் சம்மதித்திருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. பயம் வேறு இடத்தில். எங்கள் மலையில் காபி என்றால் வெல்லம் போட்ட வரக்காப்பி. அந்தக் கடையின் கண்ணாடி வழியாக ஒருநாள் பார்த்திருக்கிறேன். பலகையில் பத்துப் பதினைந்து பெயர்கள். அதில் ஒன்றுகூட நான் வாயால் சொல்லிப் பழகியதில்லை.

"அங்க என்னங்க கேக்கறது?" என்றேன்.

"கப்புச்சினோ" என்றார் பாய், வெற்றிலை பாக்கு என்பதுபோல. அவர் காபியே குடிக்கமாட்டார். எல்லா வீட்டிலும் கொடுப்பதைக் குடித்தால் வயிறு என்னாவது என்று போன இடமெல்லாம் சுடுதண்ணீர்தான். ஆனால் லாட்ஜுக்கு மிளகு போடப் போன அன்று, பக்கத்துக் கடையில் ஒருவர் கப்புச்சினோ கேட்டதிலிருந்து குடித்துவிட்டு எழுந்தது வரைக்கும் நின்று பார்த்திருக்கிறார். அவருக்கு அது போதும்.

என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பாடம் ஆரம்பமானது.

"அடியில டிக்காசன். ஆனா நம்ம பில்டர்ல சொட்டுச் சொட்டா எறங்கற மாதிரி இல்ல. மெசினு அழுத்திப் புழியும். ஒரு வாய்தான் வரும், அம்புட்டும் சாறு. அதுக்கு மேல சூடு பண்ணுன பாலு. அதுக்கு மேல நுரை. மூணும் ஏறக்கொறையச் சரிசமம். நுரைன்னா டீக்கடையில தூக்கி ஆத்தற நுரை இல்ல கண்ணு, அது வந்த வேகத்துல போயிரும். இது ஆவிய விட்டு அடிச்ச நுரை. கெட்டியா நிக்கும். விரலு வச்சாக் குழி விழும்."

"தொட்டுப் பாத்தீங்களா?"

"எதுக்குத் தொடணும்? பாத்தாலே தெரியுதில்ல. சின்னதா பெருசான்னு கேப்பாங்க. சின்னதுன்னு சொல்லு. பெருசுன்னு சொன்னா, இவன் காப்பி குடிக்க வந்திருக்கான், என்னப் பாக்க வரலேன்னு அந்தப் புள்ள நெனச்சுக்கும். சக்கரை போடமாட்டாங்க, பொட்டலமாப் பக்கத்துல வைப்பாங்க. இன்னொரு டம்ளர் வாங்கி ஆத்திப்புடாத, எல்லாம் போச்சு. அப்பறம் முக்கியமானது, அண்ணாந்து ஊத்தக் கூடாது."

"வாய் வச்சா எச்சலாவுமுங்களே?"

"அவங்க கழுவிக்குவாங்க. அண்ணாந்தீன்னா மொதல்ல ஒண்ணும் வராது, நுரை அடைச்சுக்கும். அப்பறம் மொத்தமா மூஞ்சியில வரும். நுரை இருக்கே, அது மூடி மாதிரி. மேல ஆறுனாப்பல இருக்கும், அடியில சூடு அப்படியே நிக்கும். மெதுவா உறிஞ்சணும்."

எனக்கு முக்கியமான சந்தேகம் கடைசியில்தான் வந்தது. "ஏனுங்க பாய், அது அவங்க ஊடும் இல்ல, எங்க ஊடும் இல்ல. அங்க அதைக் குடிச்சா கை நனைச்ச கணக்குங்களா?"

பாய் முதல்தடவையாக நிறுத்தினார். கூரையைப் பார்த்தார். சட்டை மடிப்பிலிருந்து ஒரு மிளகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு தீர்ப்பு வந்தது.

"நுரை கணக்குல சேராது. நுரைக்குக் கீழ எறங்குனாத்தான் சம்மதம்."

"யாருங்க அப்படிச் சொன்னது?"

"இப்ப நாஞ் சொல்றனில்ல."

அந்த வாரம் முழுக்கப் பலாமரம்.

போகிற அன்று பாயும் கூட வந்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நான் எங்கியோ உக்காந்துக்கறேன், தெரியாத மாதிரி" என்று சொல்லிவிட்டு, அந்தச் சின்னக் கடையில் எங்களுக்கு அடுத்த மேசைக்கு அடுத்த மேசையில், ஜன்னலோரமாக, ஒரு சுடுதண்ணீருடன் உட்கார்ந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. தெரியாத மாதிரி இருப்பதற்கு அதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

கோகிலா ஸ்கூட்டரில் வந்தாள். தோட்டத்திலிருந்து நேராக வந்தது குதிகாலில் ஒட்டியிருந்த செம்மண்ணில் தெரிந்தது. என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மெசினைப் பார்த்தாள். மெசினைப் பார்த்த நேரம் கொஞ்சம் கூடுதல். "நீங்களே சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழுந்து போய், நடுங்காமல், கெஞ்சாமல், அதட்டாமல் சொன்னேன். "ரெண்டு கப்புச்சினோ. சின்னது. சக்கரை தனியா." மரத்திடம் சொன்னதைவிட நன்றாகவே வந்தது. கடைக்காரர் தலையாட்டிவிட்டு, பாடத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டார்.

"என்ன பாலுங்க? மாட்டுப்பாலா, ஓட்ஸ் பாலா?"

திரும்பிப் பாயைப் பார்த்தேன். அவருக்குக் கேள்வியே கேட்டிருக்காது. இருந்தாலும் உறுதியாக ஒருமுறை தலையை ஆட்டினார். அந்தத் தைரியத்தில் நான், "மாட்டுப்பாலே ஊத்துங்க. ரெண்டுக்கும் ஒரே மாட்டுப்பாலா இருக்கட்டும்" என்றேன். பின்னால் கோகிலா இருமினாள். அது சிரிப்பு என்று இன்றுவரைக்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

கப்புகள் வந்தன. நுரைமேல் பழுப்பும் வெள்ளையுமாக ஓர் இலை வரைந்திருந்தது. இதைப் பாய் சொல்லவே இல்லை.

"வெத்தல வேற வச்சுட்டாங்களே" என்றேன். தாம்பூலம் மாற்றிய மாதிரி ஆகிவிட்டதே என்ற பயம்.

அவள் குனிந்து பார்த்தாள். "மிளகு எலைங்க இது. நரம்பு பாருங்க."

இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பார்த்தபடியே கொஞ்சநேரம் போயிற்று. பிறகு அவள் ஸ்பூனை எடுத்து நுரையை மட்டும் மெல்ல வழித்து வாயில் வைத்தாள். நானும் வழித்தேன். அவள் இன்னொரு ஸ்பூன். நான் இன்னொரு ஸ்பூன். தோட்டத்தில் எத்தனை செடி, கடைக்கு எத்தனை மணிக்குப் போவேன், மலையில் போன வருசக் காற்றுக்கு எது எது சாய்ந்தது என்றெல்லாம் பேசினோம். பேச்சு ஓடியது. நுரை குறைந்தது. எவ்வளவு குறைந்தாலும் அதற்குக் கீழே அவளுடைய ஸ்பூன் இறங்கவே இல்லை. அதைக் கவனித்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஏனுங்க... நீங்களும் நுரை மட்டுந்தானுங்களா?"

"கீழ எறங்குனா சம்மதமாமா. பாய் சொன்னாரு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலோர மேசையைத் திரும்பிப் பார்த்தோம். பாய் சுடுதண்ணீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரே சட்டத்தை இரண்டு கட்சிக்காரர்களிடமும் விற்ற வக்கீலின் நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

கடைக்காரர் பொறுக்கமுடியாமல் வந்துவிட்டார். "காபி சரியில்லீங்களா? வேற போட்டுத் தரட்டுங்களா?"

"நல்லா இருக்குதுங்க, நாங்க இன்னும் அங்க போவல" என்றேன். அவர் குழம்பிப்போய்த் திரும்பினார்.

இரண்டு கப்பிலும் இலை போய், நுரை போய், பழுப்பாகக் காபி தெரிந்தது. கோகிலா ஸ்பூனைத் தட்டில் வைத்தாள்.

"நேராச் சொல்லிர்றேனுங்க. எனக்கு உங்களப் புடிக்காமெல்லாம் இல்ல. ஆனா நான் தோட்டத்த விட்டு வரமாட்டேன். எங்கப்பாரால முடியாது. வர்றவரு எங்க ஊட்டுக்குத்தான் வரணும். உங்க கடை செம்மேட்டுல அப்படியே இருக்கட்டும், காலையில போயிட்டுச் சாயங்காலம் வாங்க. வண்டி இருக்குது. இதுக்கு முந்தி ரெண்டு பேரு வந்தாங்க. இதச் சொன்னதும் யோசிச்சுச் சொல்றேன்னு போனாங்க. இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்காங்க."

வீட்டோடு மாப்பிள்ளை. எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன மரியாதை என்று எனக்குத் தெரியும். அப்படிப் போன ஒருவரைப் பற்றி நானே என் கடையில் உட்கார்ந்து ஜோக் அடித்திருக்கிறேன். நல்ல ஜோக், எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மா என்ன சொல்வார், அப்பா எப்படித் தலையைக் குனிவார், டீக்கடையில் யார் எந்தப் பெயர் வைப்பான் என்பது வரைக்கும் வரிசையாகக் கண்ணில் வந்தது. கோகிலா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. "பாக்கலாமுங்க" என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அதைச் சொன்னால் மூன்றாவது ஆளாக நானும் எழுந்து போய் யோசிக்கலாம்.

பழக்கதோஷத்தில் பாயைப் பார்த்தேன். ஒரு தலையாட்டல், ஒரு புருவம், ஏதாவது. இந்த மனிதர் பஸ்ஸுக்குச் சொன்னவர், தேனீக்குச் சொன்னவர், என் நாக்கு வெந்துபோகாமல் இருக்க வழி சொன்னவர். பாய் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் அவ்வளவும் விழுந்திருந்தது. என் கண் அவர்மேல் பட்டதும், மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். அங்கே பார்ப்பதற்கு ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றும் இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. காபி எப்படிக் குடிப்பது என்று ஒரு வாரம் சொல்லித் தந்தவர், வாழ்க்கை எப்படி என்று கேட்கும்போது தொட்டியைப் பார்க்கிறார். கொஞ்சநேரம் அந்த முதுகையே பார்த்தேன். அது திரும்புகிற வழியைக் காணோம். சரி, இது நம் தலைமேல்தான் விடிந்திருக்கிறது என்று புரிந்தது. கோகிலாவைப் பார்த்தேன். மண் ஒட்டிய காலை நாற்காலிக்கு அடியில் மடக்கி, வண்டிச் சாவியைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். எழுந்துபோகத் தயாராக இருந்தாள். அவள் எழுந்து போவதை நான் விரும்பவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. டீக்கடையில் வைக்கப்போகிற பெயர், யோசித்துப் பார்த்தால், அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. எத்தனையோ பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

கப்பை எடுத்தேன். வாய் வைத்து, மெதுவாக இல்லாமல், அடி தெரியும் வரைக்கும் குடித்தேன். பாயின் பாடத்தில் அந்த இடத்திலும் ஓட்டை இருந்தது. மூடியை வழித்துத் தின்றுவிட்டதால் அடியில் சூடே இல்லை. கசப்பு மட்டும் அப்படியே இருந்தது. நன்றாக இருந்தது.

கோகிலா சாவியை மேசைமேல் வைத்தாள். அவளுடைய கப்பை எடுத்தாள், ஒரு வாய் குடித்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், மிச்சத்தையும் குடித்தாள்.

"எங்க கொட்டதான்" என்றாள். "ஆனா ஆறிப்போச்சு. சூடா ரெண்டு சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். இந்த முறை குரல் நடுங்கியது. கடைக்காரர் மறுபடியும் பால் எதுவென்று கேட்கவில்லை.

அவள் ஸ்கூட்டரில் கிளம்பிப் போனபிறகு, நானும் பாயும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். பாய் சந்தோசமாக இருந்தார். கல்யாணப் பந்தலுக்குத் தார்ப்பாயை எந்தப் பக்கம் சரித்துக் கட்டவேண்டும், அரிசிக்கு உலை எப்போது வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் வாழ்நாளில் பந்தல் கட்டியதும் இல்லை, சோறு வடித்ததும் இல்லை. நான் உம்மென்று வந்தேன். பஸ் வந்து நின்றது. அவர் ஒரு காலைப் படியில் வைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க பாய், நீங்களே காரவள்ளியில மாமனாரு ஊட்டுக்கு மாப்பிள்ளையா வந்து, இருபத்தஞ்சு வருசமா அங்கதான இருக்கீங்க? மத்ததுக்கெல்லாம் அம்புட்டுச் சொன்னீங்க, அந்த ஒரு எடத்துல மட்டும் ஏனுங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?"

பாய் படியில் நின்றபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரிஞ்ச விசயத்துல நான் யோசனை சொல்றதில்ல கண்ணு."